பருவநிலையும் எல்.என்.ஜி. சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் கூடினால் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) விலை ஏறும், அவ்வளவுதானே?

பாதிதான் சரி. நவம்பர் தொடக்கத்தில், தொட்டிகள் நிரம்பியிருக்கும்போது வரும் குளிரை சந்தை பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதே குளிர் ஜனவரி நடுவில், தொட்டிகள் பாதியாகக் குறைந்திருக்கும்போது வந்தால் விலை இரண்டு மூன்று மடங்காகலாம். வானிலை மூன்று நாளில் மாறிவிடும். கப்பல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இந்தக் காலதாமதத்துக்குத்தான் சந்தை விலை வைக்கிறது. வெப்பமானியைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: தொட்டியில் எத்தனை நாளைக்கு இருக்கிறது, அடுத்த கப்பல் எத்தனை நாள் தூரத்தில் இருக்கிறது?

கப்பல் வந்துசேர உண்மையில் எவ்வளவு நாள் ஆகும்?

மணிக்கு 17 கடல் மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்க வளைகுடாக் கரையிலிருந்து வடமேற்கு ஐரோப்பாவுக்குச் சுமார் 12 நாள். அதே அமெரிக்கக் கரையிலிருந்து ஜப்பானுக்கு பனாமா கால்வாய் வழியாக 23 நாள் அளவில். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் 38 நாளை ஒட்டி. கத்தாரிலிருந்து ஜப்பானுக்கு 16 நாள், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து 10 நாளுக்குள். இதோடு சரக்கு ஏற்ற ஒரு நாள், துறைமுகத்தில் காத்திருப்பு, கப்பல் காலியாகத் திரும்பி வரும் நேரம் எல்லாம் சேரும். பத்து நாளுக்கு மேற்பட்ட வானிலைக் கணிப்பை யாரும் முழுதாக நம்புவதில்லை. ஆகவே குளிரைக் கண்ட பிறகு அமெரிக்கக் கப்பலை ஆசியாவுக்குத் திருப்பினால், அது குளிர் போன பிறகுதான் கரை சேரும்.

எந்தெந்த மாதங்களில் தேவை ஏறும்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட அரைக்கோளத்தின் வெப்பமூட்டும் பருவம். ஜப்பான், கொரியா, சீனா, ஐரோப்பா எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கும். இதுதான் பெரிய உச்சம். ஜூலை, ஆகஸ்டில் குளிரூட்டிகளால் இரண்டாவது உச்சம். ஜப்பான், கொரியாவில் இது தெளிவாகத் தெரியும். தெற்காசியாவில் வெயில் முன்கூட்டியே வருவதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே மின்தேவை ஏறிவிடும்.

அர்ஜென்டினாவும் சிலியும் தலைகீழ்: அவற்றின் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வடக்கில் வெப்பமூட்டும் தேவை ஓய்ந்திருக்கும் நேரம் என்பதால் இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் சந்தையைக் குலைக்காமல் போய்ச் சேரும். ஆனால் ஐரோப்பா கிடங்கை நிரப்புவதும் அதே மாதங்களில்தான்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஆகியவை உலகச் சந்தைக்கு இடைப்பருவம். திரவமாக்கும் ஆலைகள் பராமரிப்பு நிறுத்தத்தை பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் போடும். பராமரிப்பு நீண்டு குளிர்காலத்துக்குள் வழிந்தால் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடும்.

‘டிகிரி நாள்’ என்பது என்ன கணக்கு?

ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வெப்பமூட்டும் டிகிரி நாள். சராசரி 3 டிகிரி என்றால் 15. மேலே போனால் குளிரூட்டும் டிகிரி நாள். வழக்கமாக ஒரு நாளைக்கு 11 இருக்கும் வாரத்தில் 15 வந்தால், ஏழு நாளில் 28 கூடுதல். வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் கட்டடங்களின் தன்மையையும் வைத்து ஒவ்வொரு நிறுவனமும், ஒரு டிகிரி நாளுக்கு எத்தனை கன மீட்டர் என்று தனக்கான பெருக்கலை வைத்திருக்கும். காற்று பலமாக வீசினால் அதே வெப்பநிலையிலும் எரிவாயு கூடுதலாகச் செலவாகும். நல்ல மாதிரிகளில் அதற்கும் இடமுண்டு.

கோடையில் வாங்கிச் சேமித்து வைத்தால் போதாதா?

நிலத்தடிக் கிடங்கு இருப்பவர்களுக்குப் போதும். ஐரோப்பாவில் தீர்ந்துபோன எரிவாயு வயல்களிலும் உப்புக் குகைகளிலும் 100 பில்லியன் கன மீட்டருக்கு மேல் அடைத்து வைக்க இடமிருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிரப்பி, குளிரில் எடுப்பார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் அந்த அளவுக்கு நிலத்தடி வசதி கிடையாது. இருப்பதெல்லாம் மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் தொட்டிகள். அவை பெரிய பிளாஸ்க் மாதிரி: எவ்வளவு நன்றாகப் போர்த்தினாலும் நிலத்தொட்டியில் நாளுக்கு 0.05 சதவீதம் அளவில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியானதை உடனே குழாயில் அனுப்ப வேண்டும் அல்லது மறுபடி திரவமாக்க வேண்டும். அதனால் ஜப்பான் கையில் வைத்திருப்பது பொதுவாக இரண்டு, மூன்று வாரத் தேவைதான். விலை எகிறும்போது முதலில் தவிப்பது வடகிழக்கு ஆசியாவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரு குளிர் அலையில் எல்லாம் எப்படி வரிசையாகப் பிசகும்?

2021 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

2020 ஏப்ரல் இறுதியில் வடகிழக்கு ஆசியாவின் உடனடிச் சந்தைக் குறியீடான ஜே.கே.எம். ஒரு மில்லியன் பி.டி.யு.வுக்கு (பி.டி.யு. என்பது வெப்ப ஆற்றலின் அலகு) 2 டாலருக்கும் கீழே கிடந்தது. விலை அடிமட்டத்தில் இருந்ததால் அமெரிக்காவில் ஏற்றவிருந்த கப்பல்களைப் பலரும் ரத்து செய்தார்கள். ஆண்டின் இறுதியில் பல நாடுகளில் ஆலைக் கோளாறுகள் சேர்ந்தன. அப்போதுதான் லா நினா (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் நிகழ்வு) பின்னணியில் கிழக்காசியாவில் கடும் குளிர் இறங்கியது.

வாங்குபவர்கள் அமெரிக்கச் சரக்கைத் தேடினார்கள். பனாமா கால்வாயில் வரிசை. முன்பதிவு இல்லாத கப்பல்கள் நாட்கணக்கில் நின்றன அல்லது ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஒரு கப்பல் 23 நாளுக்குப் பதில் 38 நாள் எடுத்தால், அதே சரக்கை நகர்த்தக் கூடுதல் கப்பல் வேண்டும். வாடகை ஒரு நாளைக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டியது. ஜனவரி 13 அன்று ஜே.கே.எம். 32 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சம் தொட்டது. ஜப்பானில் மின் நிறுவனங்கள் தொட்டி வற்றிவிடாமலிருக்க எரிவாயு மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைத்தன. மொத்த மின்சந்தையில் ஒரு யூனிட் ஜனவரி 15 அன்று 251 யென் வரை போனது.

பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உச்ச விலையில் கிளம்பிய கப்பல்கள் பிப்ரவரியில் வந்து சேர்ந்தபோது குளிர் தணிந்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் விலை 6 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

குளிர் உற்பத்தியையும் நிறுத்துமா?

நிறுத்தும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிர்ப்புயலில் அதுதான் நடந்தது. எரிவாயுவோடு வரும் நீர் கிணற்றுத் தலையிலும் சேகரிப்புக் குழாய்களிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடிய இடத்தில் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட், பூஜ்யத்துக்கு மேலேயே உருவாகும். கனடாவிலும் சைபீரியாவிலும் குழாய்களை வெப்பமூட்டி, போர்த்தி, மெத்தனால் செலுத்தித் தடுக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல கிணறுகளில் அந்த ஏற்பாடு இல்லை. மின்சாரம் போனதும் அமுக்கிகள் நின்றன. அமுக்கி நின்றதும் மின்நிலையத்துக்கு எரிவாயு போகவில்லை. மின்வெட்டு மேலும் நீண்டது.

பிப்ரவரி 17 அன்று அமெரிக்க எரிவாயுக் குறியீடான ஹென்றி ஹப் உடனடி விலை 23.86 டாலர். ஏற்றுமதி ஆலைகளுக்குப் போகும் எரிவாயு வழக்கத்தில் பாதிக்கும் கீழே சரிந்தது. எல்லாமே உறைந்துபோனதால் அல்ல. உள்நாட்டில் அந்த விலை கிடைக்கும்போது, வாங்கி வைத்த எரிவாயுவைத் திரவமாக்காமல் அங்கேயே திருப்பி விற்பது லாபம். இறக்குமதியாளர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

வெயில் ஆலையை எப்படிப் பாதிக்கும்?

சத்தமில்லாமல், ஆனால் ஒவ்வொரு நாளும். பெரும்பாலான ஆலைகளில் குளிரூட்டி அமுக்கிகளை எரிவாயுச் சுழலிகள் இயக்குகின்றன. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும். சுழலியின் திறன் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய அரை முதல் ஒரு சதவீதம் வரை இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். காற்றால் குளிரூட்டும் ஆலையில் இன்னொரு தொல்லை: விசிறிகள் வெளியேற்றிய சூடான காற்று, காற்றுத் திசை மாறினால் மறுபடி உள்ளே இழுக்கப்படும். அமெரிக்க ஆலைகள் எரிவாயு எடுப்பதில் சாதனை அளவுகளை பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில் தொடுவது இதனால்தான். ஆர்க்டிக்கில் உள்ள யமால் ஆலை தன் பெயரளவுத் திறனான ஆண்டுக்கு 17.4 மில்லியன் டன்னைவிடக் கூடுதலாக உற்பத்தி செய்வதில் அங்குள்ள குளிருக்குப் பெரும் பங்குண்டு.

சூறாவளி வந்தால் ஆலை சேதமாகிவிடுமா?

ஆலை தப்பிக்கும், அதைச் சுற்றியுள்ளவை தப்பிக்காது. 2020 ஆகஸ்ட் 27 அன்று லாரா சூறாவளி லூசியானாவில் கேமரன் அருகே கரை கடந்தது. அங்குள்ள ஏற்றுமதி ஆலைக்குப் பெரிய அடி இல்லை. மின்கோபுரங்கள் சாய்ந்ததாலும் கப்பல் கால்வாய் மூடப்பட்டதாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஏற்றுமதி நடக்கவில்லை. 2024 ஜூலையில் பெரில் வந்தபோது டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் ஆலை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முழு உற்பத்திக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கோர்கன் ஆலை இருக்கும் பாரோ தீவில்தான் 1996 ஏப்ரலில் ஒலிவியா புயலின்போது மணிக்கு 408 கிலோமீட்டர் காற்று பதிவானது. அதனால் அங்கே வலுவான வடிவமைப்பு கட்டாயம். கப்பல்கள் இரண்டு, மூன்று நாள் முன்னரே துறையை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விடும். கப்பல் வராமல் ஆலையின் தொட்டிகள் நிரம்பிவிட்டால், சேதமே இல்லாவிட்டாலும் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும்.

தலைப்புச் செய்தியில் வராத எதிரி மூடுபனி. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வளைகுடாக் கரையின் குறுகலான கால்வாய்களில் பார்வை மங்கினால் வழிகாட்டிகள் கப்பல் ஏற மாட்டார்கள். மூன்று நாள் மூடுபனி, சிறு புயலுக்குச் சமமான தாமதத்தைத் தரும்.

புயல் நெருங்கும்போது தொட்டியில் ஆவியாதல் ஏன் கூடுகிறது?

நிலத்தொட்டிகள் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் இயங்குகின்றன. பாரோமீட்டர் வேகமாக இறங்கினால், தொட்டிக்குள் எதுவும் மாறாமலேயே அளவியில் அழுத்தம் ஏறும்; அதை வெளியேற்றி இறக்கினால் திரவத்தின் கொதிநிலை இறங்கி ஆவி பெருகும். அனுபவமுள்ள இயக்குநர்கள் கூடுதல் அமுக்கியை முன்னாலேயே தயார் நிலையில் வைத்து, தொட்டி அழுத்தத்தைக் கீழ்வரம்பு நோக்கி இறக்கிவிடுவார்கள். புயல் வந்த பிறகு தொடங்கினால் தீச்சுடரில் எரிப்பதைத் தவிர வழியிருக்காது.

பருவமழைக் காலத்தில் இறக்குமதி முனையங்களில் என்ன பிசகும்?

பெருமழை பிரச்சினையே இல்லை, அலைதான். மிதவை முனையத்தில், அதாவது கடலில் நிறுத்திய கப்பலே முனையமாக இயங்கும் இடத்தில், இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நின்று குழாய்களை இணைத்துக்கொள்ளும். அலை ஒன்றரை மீட்டரை நெருங்கினாலே பல இடங்களில் இணைப்பதை நிறுத்திவிடுவார்கள். துல்லியமான வரம்பு முனையத்துக்கு முனையம் மாறும். இந்தியாவின் மேற்குக் கரையில் தாபோல் முனையம், அலைத்தடுப்புச் சுவர் முடியாத ஆண்டுகளில், மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை மூடியே கிடந்தது. வங்கதேசத்தில் மகேஷ்காளி அருகே இரண்டு மிதவை முனையங்கள். 2023 மே மாதம் மோக்கா புயலுக்கு அஞ்சி இரண்டின் விநியோகமும் நின்றது. 2024 மே மாதம் ரெமால் புயலில் அடித்துவரப்பட்ட ஒரு மிதவை மோதி அவற்றில் ஒன்று சில மாதங்கள் இயங்கவில்லை. மின்தேவை ஏறியிருக்கும் மாதம் அது. மிதவை முனையம் விரைவாக அமைக்கலாம், மலிவு என்பது சரி. ஆனால் கடல் திறந்திருக்கும் இடத்தில் அதை மட்டும் நம்பி இருப்பது நல்ல திட்டமல்ல.

கடல்நீர் குளிர்ந்தால் இறக்குமதி முனையத்துக்கு என்ன?

திரவத்தை வாயுவாக்க, மலிவான வழி கடல்நீரை ஆவியாக்கிகள்மேல் பாய்ச்சுவது. நீர் 5 முதல் 8 டிகிரி வரை இறங்கினால் பலகங்களில் பனி படிந்து திறன் விழும். அப்போது எரிவாயுவையே எரித்துச் சூடாக்கும் மூழ்கு ஆவியாக்கிகளுக்கு மாற வேண்டும். வெளியே அனுப்புவதில் ஒன்றரை சதவீதம் அளவு அதிலேயே போய்விடும். தேவை உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் இந்த இழப்பும் வரும்.

மழை பொய்த்தால் எல்.என்.ஜி. விலை ஏறுமா?

இரண்டு வழிகளில் ஏறலாம். முதலாவது நீர்மின்சாரம். 2021இல் பிரேசிலில் தொண்ணூறு ஆண்டுகளில் காணாத வறட்சி. அணைகள் வற்றியதும் அந்நாடு எல்.என்.ஜி. கப்பல்களைப் பெருமளவில் வாங்கி எரிவாயு மின்நிலையங்களை ஓட்டியது. 2022 கோடையில் ஐரோப்பாவில் ரைன் ஆற்றில் நீர் குறைந்து நிலக்கரிப் படகுகள் பாதிச் சுமையோடு ஓடின. பிரான்ஸில் ஆறுகள் சூடானதால் சில அணுமின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. இழப்பை எரிவாயு ஈடுகட்டியது. காற்று வீசாத வாரங்களிலும் இதே கதைதான்.

இரண்டாவது, பனாமா கால்வாய். அதன் மதகுகள் இயங்குவது காட்டூன் ஏரியின் நன்னீரில். 2023இல் எல் நினோவால் (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) மழை குறைந்தது. நாளொன்றுக்கு 36 வரை இருந்த கடப்புகள் டிசம்பரில் 22 ஆகக் குறைக்கப்பட்டன. முன்பதிவில் பின்தங்கிய எல்.என்.ஜி. கப்பல்கள் வேறு வழியைத் தேடின. அந்தக் குளிர்காலம் மிதமாக இருந்ததால்தான் விலை எகிறவில்லை.

கப்பலையே கிடங்காக்கிக் காத்திருப்பது லாபமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய வழக்கமான கப்பல் 1,74,000 கன மீட்டர். விற்கக்கூடிய சரக்கு சுமார் 37.5 லட்சம் மில்லியன் பி.டி.யு. புதிய கப்பலில் நாளுக்கு 0.085 சதவீதம் ஆவியாகும் என்றால் ஏறக்குறைய 148 கன மீட்டர், அதாவது 3,300 மில்லியன் பி.டி.யு. விலை 10 டாலர் என்றால் தினமும் 33,000 டாலர். வாடகை 60,000 டாலர் என்று வைத்தால் 30 நாளுக்கு மொத்தம் 28 லட்சம் டாலர். ஒரு மில்லியன் பி.டி.யு.வுக்கு 75 சென்ட். அடுத்த மாத விலை இந்த மாதத்தைவிட 75 சென்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் காத்திருப்பதில் பொருளுண்டு; வட்டியும் காப்பீடும் தனி. பழைய கப்பலில் ஆவியாதல் 0.15 சதவீதம் வரை போகும், கணக்கு அங்கேயே உடையும்.

இன்னொன்று: மீத்தேனும் நைட்ரஜனும் முதலில் ஆவியாவதால், நாள்பட்ட சரக்கு கனமாகும், வெப்பமதிப்பு ஏறும். வாங்கும் முனையத்தின் தர வரம்பைத் தாண்டினால் தள்ளுபடி கொடுக்க நேரும். அடர்த்தி வேறுபட்ட சரக்கை நிலத்தொட்டியில் கலக்காமல் ஏற்றினால் அடுக்குகள் உருவாகி, திடீரென்று புரண்டு ஆவி பீறிடும். 1971இல் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் அப்படித்தான் ஆனது. தொட்டியில் இருப்பதைவிடக் கனமான சரக்கை மேலிருந்தும், இலேசானதைக் கீழிருந்தும் நிரப்புவது வழக்கம்.

குளிர்காலம் மிதமாக இருந்தால்?

வாங்கி வைத்தவர் மாட்டிக்கொள்வார். 2022 ஆகஸ்ட் 26 அன்று ஐரோப்பாவின் எரிவாயுக் குறியீடான டி.டி.எஃப். விலை ஒரு மெகாவாட் மணிக்கு 340 யூரோவை எட்டியது. ஒரு மெகாவாட் மணி என்பது 3.412 மில்லியன் பி.டி.யு., ஆக ஒரு மில்லியன் பி.டி.யு.வுக்குச் சுமார் 100 யூரோ. அந்த விலையிலும் கிடங்குகளை நிரப்பினார்கள். அக்டோபர் வெதுவெதுப்பாக இருந்தது. இறக்க இடமில்லாமல் ஸ்பெயின் அருகே கப்பல்கள் காத்து நின்றன. அக்டோபர் 24 அன்று மணிநேர விலை சற்று நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. 2023 மார்ச் இறுதியில் கிடங்குகள் 55 சதவீதத்துக்கு மேல் நிறைந்தே இருந்தன.

நீண்டகால ஒப்பந்தம் இருந்தால் இந்தக் கவலை வேண்டாமா?

விலையில் ஓரளவு. கச்சா எண்ணெயோடு இணைந்த ஒப்பந்தங்கள் சில மாதச் சராசரியைப் பின்பற்றுவதால் குளிர் அலை அதில் தெரியாது. அளவில்தான் சிக்கல். அடுத்த ஆண்டுக்கான கப்பல் அட்டவணை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிவாகிவிடும். பிறகு 90 நாள் அட்டவணையில் சிறு மாற்றங்கள்தான். பல ஒப்பந்தங்களில் 5 முதல் 10 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. கூடுதல் கப்பல் ஜனவரியில் வேண்டுமென்றால் அதை ஜனவரியில் கேட்டுப் பயனில்லை.

எல் நினோ, லா நினா பார்த்து முடிவெடுக்கலாமா?

சாய்வை மட்டும் சொல்லும். லா நினா ஆண்டுகளில் வடகிழக்கு ஆசியாவில் குளிர் கூடும் வாய்ப்பு அதிகம். எல் நினோவில் மிதமாக இருக்கும் வாய்ப்பு. 2023-24 எல் நினோ குளிர்காலத்தில் ஜே.கே.எம். 9 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனால் துருவத்துக்கு மேலே அடுக்குமண்டலம் திடீரென்று சூடேறினால், சில வாரங்களில் எந்த ஆண்டிலும் குளிர் கீழே இறங்கலாம். 2021 ஜனவரி தொடக்கத்தில் அப்படி ஒன்று நடந்தது.

தினமும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஐரோப்பியக் கிடங்கு நிலவரத்தை, அங்குள்ள எரிவாயுக் கட்டமைப்பு நிறுவனங்களின் ஜி.ஐ.இ. அமைப்பு நாள்தோறும் வெளியிடுகிறது. ஜப்பான் மின் நிறுவனங்களின் எல்.என்.ஜி. கையிருப்பை அந்நாட்டுப் பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சகம் வாரந்தோறும் தருகிறது. சந்தையில் குறைத்து மதிக்கப்படும் எண் இதுதான். அமெரிக்கக் கிடங்கு அறிக்கை வழக்கமாக வியாழக்கிழமை வரும். இவற்றோடு அமெரிக்க ஆலைகளுக்குப் போகும் அன்றாட எரிவாயு அளவு, கப்பல் வாடகை, ஜே.கே.எம்.மிலிருந்து டி.டி.எஃப்.ஐக் கழித்த வித்தியாசம். அந்த வித்தியாசம் கூடுதல் கப்பல் செலவைத் தாண்டினால் நடு அட்லாண்டிக்கில் இருக்கும் கப்பல்கள் ஆசியா நோக்கித் திரும்பத் தொடங்கும். சுருங்கினால் ஐரோப்பாவிலேயே இறக்கும். வானிலை மாதிரியில் ஒருமுறை வந்த கணிப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு, மூன்று முறை அதே திசையில் வந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள்.